வெறும் தாளில் கையெழுத்து

ஓய்வுபெற இன்னும் இருபத்திரண்டு மாதம் இருந்தது மதலேனா மிஸ்ஸிக்கு. அவள் நாட்களை எண்ணவில்லை. அவளுடைய முழங்கால்கள் எண்ணிக்கொண்டிருந்தன. முப்பத்து மூன்று வருடம் வாட்டுகளில் நின்ற கால்கள். அதில் பதினேழு வருடம் யுத்தத்துக்குள், சிலாவத்துறைக்கு அந்தப் பக்கம், தாழைக்குடா என்ற கடற்கரை ஊரின் சின்ன ஆஸ்பத்திரியில் நின்றவை. போதாக்குறைக்கு, ஐந்து வருடமாகத் தாதியர் சங்கக் கிளையின் செயலாளர் பதவியும் அவள் தலையிலேயே இருந்தது. ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் இந்தமுறை வேறு யாராவது எடுங்கோ என்று சொல்லிப் பார்ப்பாள். எல்லோரும் நிலத்தைப் பார்ப்பார்கள். பிறகு யாரோ ஒருவர் கைதட்டத் தொடங்குவார். அவ்வளவுதான், இன்னொரு வருடம்.

சங்கம் என்றால் கொடி பிடிப்பதும் வேலைநிறுத்தம் செய்வதும் என்று ஊர் நினைக்கிறது. நினைத்துவிட்டுப் போகட்டும். மன்னாரில் அந்தச் சங்கம் என்பது ஒரு வாடகைக் கட்டடத்தின் பின்னறை, ஒரு இரும்பு அலுமாரி, ஆறு பிளாஸ்டிக் கதிரை, சுற்றும்போது முனகுகிற ஒரு மின்விசிறி. இடமாற்றப் பட்டியல் வந்தால் அழுதுகொண்டு வருகிறவர்களின் கதையைக் கேட்க வேண்டும். கைக்குழந்தைக்காரியை மடுப் பக்கம் தூக்கிப் போட்டால் சுகாதாரக் கந்தோருக்குக் கடிதம் எழுத வேண்டும். யாராவது தாதி மேல் விசாரணை வந்தால், செயலாளர் போய் அவள் பக்கத்தில் நீள மர வாங்கில் உட்கார வேண்டும். பேச அனுமதி கிடையாது. சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சும்மா இருப்புக்காகத்தான் பல பேர் சங்கத்தில் சேர்ந்திருந்தார்கள். மதலேனா இந்த ஐந்து வருடத்தில் பதினொரு பேருக்குப் பக்கத்தில் அப்படி இருந்திருக்கிறாள். மருந்து அலுமாரியின் திறப்பைத் தொலைத்தவள், நோயாளியின் மகனைத் திட்டியவள், கடமை நேரத்தில் தூங்கியவள் என்று எல்லோருக்கும் பக்கத்தில்.

யுத்தம் முடிந்து மூன்றாவது வருடம் சங்கத்துக்கு இன்னொரு வேலை வந்து சேர்ந்தது. சண்டைக் காலத்தில் ஆஸ்பத்திரிகளில் தொண்டராக வேலை செய்தவர்களில் படிப்புத் தகுதி உள்ளவர்களை, வயதைப் பாராமல் தாதியர் பயிற்சிக்கு எடுக்கப் போகிறார்களாம். யார் உண்மையாகவே வேலை செய்தவர் என்று கிளைச் சங்கம் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னதுதான் தாமதம், வந்து குவிந்தன கடிதங்கள். கிராம விதானையார் கொடுத்த கடிதம், சுவாமியார் கொடுத்த கடிதம், பள்ளிவாசல் கடிதம். ஒருவன் எட்டு வருடம் வாட்டில் நின்றதாகக் கடிதம் கொண்டுவந்தான். வெப்பமானியை எங்கே வைப்பது என்று கேட்டதற்கு, மேசையில் என்றான்.

அந்த எரிச்சலில்தான் மதலேனா ஒரு தீர்மானம் எழுதினாள். வெளிக் கடிதம் எதுவும் செல்லாது. ஆஸ்பத்திரியின் ஏதாவது ஒரு புத்தகத்தில் அந்த ஆளின் பெயரோ கையெழுத்தோ இருக்க வேண்டும். செயற்குழு ஒரே மனதாக ஏற்றுக்கொண்டது. உதவிச் செயலாளர் றாபியா, அபூர்வமாகச் சிரிக்கிறவள், அன்றைக்குச் சிரித்தாள். எழுதி முடித்துக் கையெழுத்து வைக்கும்போது மதலேனாவுக்கு, தாழைக்குடாவில் தன்னோடு நின்ற மங்கையற்கரசியின் ஞாபகம் வரவே இல்லை. அவள் இந்தியாவுக்குப் போய் ஆறு வருடம். அங்கேயே இருந்துவிடுவாள் என்று மதலேனா நினைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அந்த மங்கையற்கரசி, சின்னக்கடைப் பகுதியில் இருந்த மதலேனாவின் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

ஆறு வருடத்தில் ஆள் பாதியாகிவிட்டாள். முப்பத்தைந்து வயதென்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தமிழ்நாட்டில் முகாமில் ஐந்து வருடம், போன வருடம் திரும்பி வந்து திருக்கேதீஸ்வரத்துக்குக் கிட்ட ஒரு தகரக் கொட்டிலில் குடியேற்றம். புருசனுக்கு இடுப்பு நாரியில் வருத்தம், பாரம் தூக்க ஏலாது. இரண்டு பெண்பிள்ளைகள். எல்லாவற்றையும் வேறு யாருடைய கதையோ போலச் சொல்லி முடித்தாள். பிறகு பொலித்தீன் பையிலிருந்து உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றை எடுத்து மேசையில் வைத்தாள். உயிரியல் படித்துத் தேறியவள். அந்த நேரம் சண்டையால் பாதை பூட்டியிருந்ததால் தாதியர் கல்லூரிக்குப் போக முடியவில்லை. பத்தொன்பது வயதில் தாழைக்குடா ஆஸ்பத்திரிக்கு வந்து, கூட்டவாவது விடுங்கோ என்று கேட்டு நின்றாள். பத்து வருடம் நின்றாள்.

"புத்தகத்தில பேர் இருக்கவேணும் எண்டு சொல்லுகினம், மிஸ்ஸி. நான் எழுதின பக்கமெல்லாம் உங்கட கையெழுத்துத்தானே கிடக்கு. நான் இப்ப என்ன செய்ய?"

குற்றம் சொல்லவில்லை. கேள்வியாகத்தான் கேட்டாள். மதலேனா தேத்தண்ணி போடுகிறேன் என்று எழும்பிக் குசினிக்குள் போனாள். தண்ணீர் கொதித்து வற்றும்வரைக்கும் அங்கேயே நின்றாள்.

விசயம் இதுதான். தாழைக்குடாவில் ஒரு டொக்டர் ஐயா, ஒரு தாதி, இரண்டு சிற்றூழியர். ரிப்போட் புத்தகம் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு கடமை மாறும்போதும் வாட்டில் என்ன நடந்தது, யாருக்கு என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்று எழுதி, பதிவு பெற்ற தாதி கீழே கையெழுத்து வைக்க வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் அந்த மருந்து செலவானதாகக் கணக்கு இல்லை. செலவாகாத மருந்துக்குப் புது மருந்து வராது. தொண்ணூற்றேழில் மதலேனா மன்னாருக்கு வந்த இடத்தில் பாதையைப் பூட்டிவிட்டார்கள். பத்தொன்பது நாள் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் கிடந்தாள். அந்தப் பத்தொன்பது நாளும் வாட்டைப் பார்த்தது மங்கை. ஆனால் அந்தப் பக்கங்களில் கையெழுத்து இல்லை என்று அடுத்த தடவை மருந்துப் பெட்டிகளில் பாதியை வெட்டிவிட்டார்கள். சேலைன் இல்லாமல் ஒரு கிழவர் செத்துப் போனார்.

அதற்குப் பிறகுதான் மதலேனா அந்தப் பழக்கத்தைத் தொடங்கினாள். வெளியே போகும்போதெல்லாம், ரிப்போட் புத்தகத்தின் வெறும் பக்கங்களில் கீழே கையெழுத்தை வைத்துவிட்டுப் போவாள். நான்கு நாளென்றால் எட்டுப் பக்கம், பாதை பூட்டினாலும் பூட்டும் என்று இன்னும் நான்கு பக்கம். மேலே மங்கை எழுதி நிரப்புவாள். பிறகு பிறகு, மதலேனா வாட்டில் இருக்கிற நாட்களிலும் மங்கைதான் எழுதினாள். அவளுடைய எழுத்து வடிவு, விசயமும் பிழைக்காது. மதலேனா தானாக எழுதினால் நேரம் போட மறந்துவிடுவாள். மங்கை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "மிஸ்ஸி, நேரம் போடேல்லை" என்று நீட்டுவாள். அந்த வசனத்தை எத்தனை நூறு தடவை கேட்டிருப்பாளோ தெரியாது. சில நாளில் எரிச்சலில் புத்தகத்தைப் பறித்து எழுதுவாள்.

இதோடு நின்றிருந்தாலும் மனசு கொஞ்சம் ஆறும். இரண்டாயிரத்து மூன்று ஓகஸ்டில் நடந்தது வேறு.

அப்போது சண்டை நிறுத்தம். பாதை திறந்திருந்தது. பதினாறாம் திகதி கொழும்பில் தாதியர் சங்கத்தின் வருடாந்த மாநாடு. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு வடக்கிலிருந்து தாதிமார் வரலாம் என்றார்கள். மதலேனா மடுத் திருவிழாவையும் விட்டுவிட்டுப் போனாள். பன்னிரண்டு வெறும் பக்கத்தில் கையெழுத்து வைத்துவிட்டுத்தான். மண்டபத்தில் அவர்கள் நுழைந்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவள் அழுதாள். தானும் ஒரு தாதிதான், தனக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் பட்டது. அந்தக் கண்ணீரில்தான் சங்கம் அவளைப் பிடித்துக்கொண்டது.

அதே பதினாறாம் திகதி மத்தியானம் தாழைக்குடாவில் திரேசம்மா என்ற மீன்பிடிக் குடும்பத்துப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தது. பிறந்த பிறகு இரத்தம் நிற்கவில்லை. டொக்டர் ஐயா மடுவில். மங்கை தனியாள். கட்டிலின் கால்மாட்டைக் கல் வைத்து உயர்த்தினாள். அடிவயிற்றைப் பிடித்துப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஊசி போட்டாள், சேலைன் ஏற்றினாள், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நாடி பார்த்து எழுதினாள். நான்கு மணிக்குத்தான் உழவு இயந்திரம் கிடைத்தது. மன்னார் வரைக்கும் அதன் இழுவைப் பெட்டியில் முழங்காலில் நின்று சேலைன் போத்தலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

அடுத்த வருடம் எங்கிருந்தோ வந்த மேலதிகாரி ஒருவர் அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்து அசந்துபோனார். சங்கம் மதலேனாவுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தது. 'வைத்தியர் இல்லாத வேளையில் தனித்து நின்று ஒரு தாயின் உயிரைக் காத்தமைக்காக', திகதியோடு, கண்ணாடிச் சட்டம் போட்டு. அதே சங்கத்தின் மாநாட்டு வரவுப் புத்தகத்தில் அதே திகதியில் அதே மதலேனா கொழும்பில் கையெழுத்து வைத்திருக்கிறாள். ஒருவராவது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே! இல்லை. நல்ல சங்கம்.

மதலேனா அப்போது வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், பயிற்சி இல்லாத பெட்டை ஊசி போட்டதாக மங்கையைத்தான் பிடிப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதில் உண்மை இருந்தது. முழு உண்மை இல்லை. மேடையில் நின்று அந்தச் சட்டத்தை வாங்கும்போது அவளுக்குச் சந்தோசமாகவும் இருந்தது. அதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருந்தது. மங்கையிடம் பத்திரத்தைக் காட்டியபோது, அவள் சிரித்து, கண்ணாடியில் படிந்த தூசியைத் தாவணித் தலைப்பால் துடைத்துக் கொடுத்தாள்.

குசினியிலிருந்து இரண்டாந்தரம் தண்ணீர் வைத்துத் தேத்தண்ணி கொண்டுவந்தபோது, மங்கை அதே இடத்தில் அதே மாதிரி இருந்தாள். சனிக்கிழமை கூட்டம், நான்கு மணிக்குச் சங்க அறைக்கு வா என்று மட்டும் மதலேனா சொன்னாள். என்ன செய்யப் போகிறீர்கள் என்று மங்கை கேட்கவில்லை.

அவள் போன பிறகு அலுமாரிக்கு அடியிலிருந்த உரப்பையை இழுத்து எடுத்தாள். சண்டை நெருங்கி ஆஸ்பத்திரியைக் கைவிட்டு ஓடியபோது, உடுபுடவையை விட்டுவிட்டு அந்தப் புத்தகங்களைத்தான் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பிறகு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வீட்டிலேயே கிடந்தன. ஏழு புத்தகம். உப்புக்காற்றில் ஓரமெல்லாம் பழுத்துப்போயிருந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஆயிரக்கணக்கான பக்கம், எல்லாவற்றிலும் மங்கையின் எழுத்து. மங்கையின் பெயர் மட்டும் ஒரு இடத்திலும் இல்லை.

வியாழக்கிழமை சங்கத் தலைவர் சிங்கராசாவைத் தேடிப் போனாள். ஆண் தாதி, ஐம்பது வயது, நல்ல மனிசன். எந்தப் பிரச்சினையையும் பூசி மெழுகிச் சமாளித்துவிடுகிற கைராசிக்காரர். அவர் வேலை செய்த வாட்டின் ஓரத்தில் நின்று முழுக் கதையையும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவர் கையுறையைக் கழற்ற மறந்துபோனார். அந்தப் பிள்ளைக்கு வேறு வழி ஏதாவது பார்ப்போம், டொக்டர் ஐயாவிடம் கேட்கலாமே என்றார். டொக்டர் ஐயா செத்து நான்கு வருடம் என்றாள் மதலேனா. கையுறையைக் கழற்றிக்கொண்டே அவர் சொன்னார்:

"அக்கா, சங்கம் இருக்கிறது உங்களைக் காப்பாத்த. நீங்களே கழுத்தைக் கொண்டுவந்து நீட்டினால் நாங்கள் என்னெண்டு காப்பாத்திறது? இன்னும் இருபத்திரண்டு மாதம். வாயை மூடிக்கொண்டு இருங்கோ."

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. வெறும் பக்கத்தில் கையெழுத்து வைப்பது சின்னக் குற்றமா? வேலையே போகும். போகாவிட்டாலும் விசாரணை முடியும்வரை ஓய்வூதியம் நிற்கும். முப்பத்து மூன்று வருடத்துப் பெயர் ஒரு பின்னேரத்தில் நாறிப்போகும். மருந்துக்காகத்தானே செய்தேன் என்று சொல்லலாம். அந்தப் பாராட்டுப் பத்திரத்துக்கு என்ன சொல்வது? வீட்டுக்கு நடந்து போகிற வழியில், கோயில் மதிலில் கையை ஊன்றிக் கொஞ்ச நேரம் நின்றாள். களைத்துப் போனாள் மனிசி. தனக்காக யாராவது முடிவெடுத்துத் தந்தால் நல்லது என்று இருந்தது. முப்பத்து மூன்று வருடமாக மற்றவர்களுக்காக முடிவெடுத்த ஆளுக்கு அந்த ஆசை வரக்கூடாதா?

சனிக்கிழமை இரண்டு மணிக் கூட்டம் இரண்டரைக்குத் தொடங்கியது. செயற்குழுவில் ஏழு பேர், வந்தது ஐந்து. சிங்கராசா, றாபியா, மதலேனா, இன்னும் இரண்டு தாதிமார். அந்த இருவரும் காலைக் கடமை முடிந்து சாப்பிடாமல் வந்திருந்தார்கள். பட்டியலில் இருபத்தாறு பேர். ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனார்கள். புத்தக ஆதாரம் இருந்தது ஒன்பது பேருக்கு. இருபத்து நான்காவதாக மங்கையற்கரசி. ஆதாரம் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை.

அவளுக்காக ஒரு விதிவிலக்குச் செய்யலாம், செயலாளருக்கு அவளைத் தெரியும் என்று சிங்கராசா மெல்லத் தொடங்கினார். றாபியா பேனாவை மேசையில் வைத்தாள்.

றாபியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிலாவத்துறைக்காரி. தொண்ணூறில் முஸ்லிம்கள் ஊரோடு துரத்தப்பட்டபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்து படித்துத்தான் தாதியர் கல்லூரிக்குப் போனாள். இப்போது குடும்பம் திரும்பி வந்து, பற்றை வெட்டி, பழைய வளவுக்குள் புதுக் கொட்டில் போட்டிருந்தது. அவள் சட்டென்று கோபப்பட மாட்டாள். அன்றைக்கும் கோபப்படவில்லை.

"செயலாளருக்குத் தெரிஞ்சவ எண்டு ஒராளை எடுத்தால், விதானைக்குத் தெரிஞ்சவனை ஏன் விட்டனாங்கள்? நீர் எந்த ஊர், ஆரின்ர ஆள் எண்டு கேளாத ஒரு சாமான் இந்த மாவட்டத்தில இருக்கெண்டால் அது இந்த விதி மட்டும்தான். அதையும் உடைச்சுப்போடாதையுங்கோ."

மதலேனா அவளைப் பார்த்தாள். இந்தப் பிள்ளை சொல்வது நூற்றுக்கு நூறு சரி என்று பட்டது. அதுவரைக்கும் அவள் ஒரு முடிவும் எடுத்திருக்கவில்லை. உரப்பையைக் கொண்டுவந்து கதிரைக்குக் கீழே வைத்திருந்தாள், அவ்வளவுதான். குனிந்து, நான்காவது புத்தகத்தை எடுத்தாள். பிறகு எழும்பிப் போய்ச் சங்க அலுமாரியைத் திறந்து, இரண்டாயிரத்து மூன்று மாநாட்டு வரவுப் புத்தகத்தின் பிரதியை எடுத்தாள். இரண்டையும் ஒரே திகதியில் திறந்து, றாபியாவின் முன்னால் பக்கத்துப் பக்கமாக வைத்தாள்.

"ரெண்டிலையும் என்ர கையெழுத்து. ஒராள் ஒரே நாளில கொழும்பிலையும் தாழைக்குடாவிலையும் நிக்கேலாது. கொழும்பில நிண்டது நான்தான். அங்கை நிண்டது மங்கையற்கரசி. பத்து வருசப் புத்தகமும் கீழை கிடக்கு, எடுத்துப் பாருங்கோ, எல்லாம் அவளின்ர எழுத்து. வெறும் பக்கத்தில கையெழுத்து வைச்சுக் குடுத்தது நான்."

ஒரு தாதி தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். பாராட்டுப் பத்திரம் அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது, கொட்டை எழுத்தில் திகதியோடு. ஓம், அதுவும் மங்கையுடையதுதான் என்றாள் மதலேனா. சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. கால் உளைந்தது.

றாபியா பக்கம் பக்கமாகப் படித்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு நாடி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு நாடி. கல்லூரியில் இப்படி எழுதினால் முழுப் புள்ளி கிடைக்கும் என்று யாருக்கென்றும் இல்லாமல் சொன்னாள்.

சிங்கராசாதான் முதலில் சுதாரித்துக்கொண்டார். இது தலைமையகத்தோடு பக்குவமாகக் கதைக்க வேண்டிய விசயம், ஒருவருக்கும் பாதகம் இல்லாமல் வசனம் அமைக்க வேண்டும் என்றார். அந்தப் பெண்ணையும் சேர்க்கலாம், அக்காவையும் காப்பாற்றலாம். கூட்டக் குறிப்புப் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளி, உண்மையான அக்கறையோடு சொன்னார்:

"அக்கா, இண்டைய பக்கத்தை வெறுமையா விட்டிட்டுக் கீழை கையெழுத்தை மட்டும் வையுங்கோ. மேலை எழுதவேண்டியதை நான் ஆறுதலாப் பாத்து எழுதுறன்."

பேனாவைக் கையில் எடுத்திருந்த மதலேனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு இல்லை. ஆனால் அடக்க முடியவில்லை. பாவம், சிங்கராசாவுக்குத் தான் என்ன கேட்டோம் என்று விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் முகம் கறுத்துப்போய், புத்தகத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"வெறும் பக்கத்தில கையெழுத்து வைச்சது காணும், சிங்கராசா. இண்டைக்கு முதல்ல எழுதிப்போட்டு வைக்கிறன்."

எழுதினாள். 2003 ஓகஸ்ட் பதினாறாம் திகதி தாழைக்குடா வாட்டில் கடமையில் இருந்தவர் மங்கையற்கரசி. 1996 முதல் 2006 வரை ரிப்போட் புத்தகங்களை எழுதியவரும் அவரே. செயலாளராகிய நான் முன்கூட்டிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். பாராட்டுப் பத்திரம் எனக்குரியதல்ல. நான்கே வசனம். பத்து வருடத்தில் எழுதாததை எழுத ஐந்து நிமிடம் பிடித்தது.

இதற்குமேல் இரண்டு தீர்மானம் வேண்டும் என்றாள் றாபியா. ஒன்று, மங்கையற்கரசியைச் சிபாரிசு செய்வது. மற்றது, இந்த விசயத்தை மேலே அறிவிப்பது. மற்ற இரண்டு தாதிமாரும் ஒரே குரலில் இரண்டாவது வேண்டாம் என்றார்கள். ஒருத்தி அழத் தொடங்கிவிட்டாள். இதை இந்த அறைக்குள் மூடினால், நாளைக்கு அந்த வெப்பமானிக்காரனுக்கு என்ன மறுமொழி சொல்வது என்று றாபியா கேட்டாள். அவள் சொல்வது சரி, நானே எழுதுகிறேன் என்று மதலேனா அதையும் எழுதினாள். தன்னை விசாரிக்கும்படி கேட்கும் கடிதத்தைத் தானே அனுப்ப வேண்டிய செயலாளர் அந்தச் சங்கத்தின் சரித்திரத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். வேறு யாரையாவது செயலாளராக்குங்கோ என்று எத்தனை தடவை சொன்னாள்!

கையெழுத்து வைத்து மூடப்போனபோது றாபியா கேட்டாள்:

"விசாரணைக்கு உங்களோடை வாங்கில இருக்கிறது ஆர், மிஸ்?"

வழக்கமாகச் செயலாளர்தான் என்றாள் மதலேனா. சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. பதினொரு பேருக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறாள். தன் பக்கத்தில் ஒருவரும் இல்லை என்பது அந்த நிமிடம்வரை மண்டையில் ஏறவில்லை.

"நான் வந்து இருக்கிறன். ஆனா நீங்கள் செய்தது சரியெண்டு ஆரும் கேட்டால் சொல்லமாட்டன்."

"சொல்லவேண்டாம். நீர் இரும், காணும்."

மங்கையற்கரசி வெளி விறாந்தையில், செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, நான்கு மணி என்றதற்கு மூன்று மணியிலிருந்தே காத்திருந்தாள். மதலேனா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து அவளுக்குப் பக்கத்தில் இறங்கி உட்கார்ந்தாள். கூட்டக் குறிப்பை வெளியாட்களுக்குக் காட்டக்கூடாது என்பது சங்கத்து விதி. அந்த விதியையும் அவள்தான் எழுதினாள். புத்தகத்தைத் திறந்து மங்கையின் மடியில் வைத்தாள்.

மங்கை படித்தாள். கடமை மாறும்போது படிக்கிற மாதிரி, விரலை வரிக்குக் கீழே வைத்து, அவசரமில்லாமல். தன் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. அங்கேயே நிறைய நேரம் நின்றது. பிறகு கீழே போனது. மூன்றாவது வசனம், நான்காவது வசனம், விசாரணைத் தீர்மானம். இதை ஏன் எழுதினீர்கள் என்று கேட்கிறவள்போல ஒருதரம் நிமிர்ந்து மதலேனாவின் முகத்தைப் பார்த்தாள். மதலேனா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மங்கை சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் புத்தகத்தைப் பார்த்தாள். கடைசி வரிவரைக்கும் போய், கையெழுத்தைப் பார்த்து, புத்தகத்தை நீட்டினாள்.

"மிஸ்ஸி, நேரம் போடேல்லை."

மதலேனா மணிக்கூட்டைப் பார்த்தாள். புத்தகத்தை வாங்கி, கையெழுத்துக்குப் பக்கத்தில் நான்கு பத்து என்று எழுதினாள்.